தாழ்கோண முறை

அளவுகோலுக்கு அச்சம் கிடையாது. யார் முன்னால் நீட்டினாலும் அது ஒரே அளவைத்தான் சொல்லும். கம்பெனிகளின் முகம் பார்க்காது, கைதட்டலுக்கு மயங்காது, இருட்டைக் கண்டு ஒதுங்காது. இந்த உலகத்தில் எதற்கும் அஞ்சாமல் நிமிர்ந்து நிற்கும் ஒன்று உண்டென்றால், அது எண்தான்.

தன் காணொளி ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் இந்த வசனத்தைக் கனத்த குரலில் சொல்பவரைத் தராசு என்றுதான் எல்லோருக்கும் தெரியும். கம்ப்யூட்டர்களையும் அவற்றில் ஓடும் வீடியோ கேம்களையும் அளந்து தீர்ப்புச் சொல்லும் அவருடைய சேனலின் பெயர் அது. சேனலுக்கு வைத்த பெயர் ஆளுக்கு ஒட்டிக்கொண்டது. வசனத்தைப் புதிதாக ஒருமுறை பதிவு செய்துகொண்டிருந்த அந்தக் காலை வேளையில், தராசு தன் இரண்டு கால்களையும் நாற்காலியின் மேல் மடக்கி வைத்திருந்தார். கீழே தொங்கவிட்டால், மேஜைக்கு அடியிலிருந்து எதுவாவது பிடித்து இழுத்துவிட்டால்?

மேஜைக்கு அடியில் ஒரு காலி அட்டைப் பெட்டியும் ஒற்றைச் செருப்பும்தான் இருந்தன. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் 'மூடிய வார்டு' என்ற பேய் ஆட்டத்தை அளந்த நாளிலிருந்து அவருடைய கால்கள் அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டன.

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி கதவருகே நின்றாள். லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்ப்பவள். எதையும் ஒரு பார்வையில் கூட்டிக் கழித்துவிடுவாள்.

"மறுபடியும் காலைத் தூக்கி மேல வச்சாச்சா?"

"முதுகுவலி. இப்படி உக்காந்தா இதமா இருக்கு."

"முதுகுவலிக்கு ஹால்ல எதுக்கு லைட்டு எரியுது? பட்டப்பகல்ல?"

"அணைக்க மறந்துட்டேன்."

"ஆமா. நேத்தும் மறந்தீங்க, முந்தா நாளும் மறந்தீங்க. போயிட்டு வரேன். வெளிய பூட்டிட்டுப் போகவா, இல்ல தொறந்தே இருக்கட்டுமா? ஓடுறதுக்கு வசதியா இருக்கும்."

தராசு மைக்கின் பக்கம் திரும்பிக்கொண்டார். அறிவியலாளர்கள் இதற்கெல்லாம் பதில் சொல்வதில்லை என்பது அவர் எண்ணம்.

நடந்தது இதுதான். ஒரே கம்ப்யூட்டர். கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள்களில் விண்டோஸ் ஒரு டிஸ்கிலும் லினக்ஸ் இன்னொரு டிஸ்கிலும் இருந்தன. அதே ஆட்டம் எதில் வேகமாக ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு நொடியில் எத்தனை படங்களைத் திரையில் வரைகிறது என்பதுதான் கணக்கு. எண் கூடினால் ஆட்டம் வழுக்கிக்கொண்டு ஓடும். குறைந்தால் தடுக்கித் தடுக்கி நடக்கும்.

அளப்பதில் தராசு கறாரானவர். இரண்டு நாளும் அறையின் குளிர் ஒரே அளவில் இருக்கும்படி ஏசியை முன்கூட்டியே ஓடவிட்டார். ஃபோனை அணைத்து அலமாரியில் பூட்டினார். மனைவி துணிக்கு இஸ்திரி போடக்கூடாது என்று தடை விதித்தார். மின்சாரம் ஒரு நூலளவு ஏறி இறங்கினாலும் அளவு கெட்டுவிடுமாம். அவள் கசங்கின உடையில் வேலைக்குப் போனாள். ஆட்டத்தைப் பதிவு செய்தால் அந்தப் பாரம் கம்ப்யூட்டரை இழுக்கும் என்று பதிவும் செய்யவில்லை. எண்களை மட்டும் குறித்துக்கொண்டார். நடக்கும் பாதைகூட ஒன்றேதான். கைவிடப்பட்ட ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜையில் தொடங்கி, நீண்ட தாழ்வாரத்தின் வழியே, மாடிப்படி வரைக்கும்.

விண்டோஸில் எண்பது வந்தது. லினக்ஸில் நூற்றுப்பத்து.

அவர் தலைகால் புரியாமல் குதித்தார். 'லினக்ஸ் விழுங்கிய விண்டோஸ்' என்று தலைப்பு வைத்துக் காணொளி போட்டார். அது தீயாகப் பரவியது. லினக்ஸ் ரசிகர்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். விண்டோஸ் ரசிகர்கள் அவருடைய வம்சத்தை விசாரித்தார்கள். இரு தரப்பாரும் கீழே எழுதிக்கொண்ட வார்த்தைகளைப் படித்தால், கம்ப்யூட்டரில் எதை ஓட்டுவது என்பதற்காக மனிதர்கள் பெண் கொடுக்க மறுப்பார்கள் போலிருந்தது. தராசு நடுவில் நின்று, "எண்ணுக்கு உறவும் இல்லை, பகையும் இல்லை" என்று இன்னொரு காணொளி போட்டார்.

உறவு ஃபோன் பண்ணியது, காலை மடக்கி வைத்து வசனம் பதிவு செய்த அந்த நாள் மத்தியானம்.

அக்கா வீட்டுக்காரர் கேமிங் சென்டர் நடத்துகிறார். வரிசையாகக் கம்ப்யூட்டர்களைப் போட்டு, மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டு, பையன்களையும் பெண்களையும் ஆடவிடும் கடை. அக்கா கல்லாவில் இருப்பாள். மச்சினனின் காணொளியைப் பார்த்த கையோடு அத்தான் கடையிலிருந்த அத்தனை மெஷின்களையும் லினக்ஸுக்கு மாற்றியிருந்தார். மூலையிலிருந்த ஒன்றை மட்டும் விட்டுவைத்தார், கணக்குப் பார்க்க.

"மாப்ள, நல்லா இருக்கியா?"

அத்தான் கோபத்தில் இருந்தால் நலம் விசாரிப்பார்.

"இருக்கேன் அத்தான்."

"நல்லா இரு. ஒரு சின்னச் சந்தேகம். அந்த நூத்திப்பத்து என் கடைக்கு எப்ப வரும்?"

"ஏன், வரலையா?"

"எம்பதுல நிக்குது. விண்டோஸ்ல இருந்தப்பவும் எம்பதுதான். பசங்க கேக்குற வேற சில ஆட்டம் லினக்ஸ்ல தொறக்கவே மாட்டேங்குது. பாதிப் பேர் எதிர்க்கடைக்குப் போயிட்டாங்க. உங்க அக்கா கல்லாவுல உக்காந்து ஈ ஓட்டுறா."

"செட்டிங்ஸ் ஏதாவது…"

"உன் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாத்து, நீ சொன்ன மாதிரி புள்ளி பிசகாம வச்சிருக்கேன். உம்மேல நம்பிக்கை இருக்கு மாப்ள. சனிக்கிழமை வா. எல்லாரையும் கூப்பிட்டிருக்கேன். பெரிய திரையில நீயே ஓட்டிக் காட்டு. நூத்திப்பத்து வந்துச்சுன்னா போனவன் திரும்பி வருவான். வரலைன்னா கடையை எதிர்க்கடைக்காரனுக்கே குடுத்துட வேண்டியதுதான். அவன் ரெண்டு தடவை பேச்சுக் குடுத்துப் பாத்துட்டான்."

"அய்யய்யோ, அப்படியெல்லாம் வராது அத்தான். எண் பொய் சொல்லாது."

"அதைத்தான் நானும் உங்க அக்காகிட்ட சொன்னேன்."

ஃபோனை வைத்ததும் தராசுக்கு வியர்த்தது. திரும்ப அளந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். ஆனால் திரும்ப அளப்பது என்றால் அந்தத் தாழ்வாரத்துக்குள் மறுபடியும் போக வேண்டும். மனைவிக்கு விடுமுறை வரும்வரை காத்திருந்தார். அவள் சமையலறையில் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்பதை உறுதி செய்துகொண்டு, திரைச்சீலைகளை முழுவதும் ஒதுக்கி, வெயிலை அறைக்குள் வரவழைத்து, லினக்ஸில் ஆட்டத்தைத் திறந்தார்.

வரவேற்பு மேஜை. கவிழ்ந்து கிடந்த சக்கர நாற்காலி. எங்கோ ஒரு கதவு தானாகக் கிறீச்சிட்டது. தாழ்வாரத்துக்குள் நுழைந்தார். எண் ஏறியது. தொண்ணூறு. நூறு. நூற்றுப்பத்து.

"வந்துருச்சு!" என்று கத்தினார்.

"என்ன வந்துருச்சு?" தேநீரோடு மனைவி வந்தாள். திரையைப் பார்த்தாள். புருவத்தைச் சுருக்கினாள். "ஏங்க, எதையாவது தொலைச்சிட்டீங்களா?"

"எதுக்குக் கேக்குற?"

"தரையையே பாத்துக்கிட்டுப் போறீங்களே. வெறும் டைல்ஸ்தான் தெரியுது."

தராசு அப்போதுதான் பார்த்தார். திரை முழுக்கச் சாம்பல் நிறச் சதுரங்கள். ஆஸ்பத்திரி இல்லை, கட்டில் இல்லை, திரைச்சீலை இல்லை. அவருடைய வலது கை, யாரும் சொல்லாமலேயே, ஆட்டத்துக்குள் பார்வையைத் திருப்பும் மவுஸைக் கீழே இழுத்து வைத்திருந்தது.

மெல்ல மவுஸை மேலே தள்ளினார். தாழ்வாரம் எழுந்து நின்றது. வரிசையாகக் கட்டில்கள், கிழிந்த திரைகள், மினுங்கும் விளக்குகள், அவற்றின் வெளிச்சத்தில் மிதக்கும் தூசி. அத்தனையையும் கம்ப்யூட்டர் வரைந்தாக வேண்டும். எண் சரிந்தது. எண்பது. தாழ்வாரத்தின் கடைசியில், வெள்ளையாக, ஆள் உயரத்துக்கு, ஒன்று.

மவுஸ் சடாரென்று கீழே போனது. நூற்றுப்பத்து.

மனைவி தேநீரைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் நாள் விண்டோஸில் அவர் நிமிர்ந்துதான் நடந்தார். ஒவ்வொரு தடவையும் அந்த வெள்ளை உருவத்தை ஓரக்கண்ணால் பார்த்தார். கடைசித் தடவை முடிந்ததும் செருப்பில்லாமல் தெருவுக்கு இறங்கி, மருந்துக் கடை வாசலில், மனைவி வேலை முடிந்து வரும்வரை தலைவலி மாத்திரைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் லினக்ஸ். அதற்குள் கை சுதாரித்துக்கொண்டுவிட்டது. சத்தியமாக அவருக்கே தெரியாது. ஏசியை அளந்தார், மின்சாரத்தை அளந்தார், இஸ்திரிப் பெட்டியைக் கட்டிப் போட்டார். தன் கழுத்து குனிந்ததை மட்டும் கவனிக்கவில்லை.

"அப்ப லினக்ஸ் வேகமா ஓடலை," என்றாள் மனைவி. "நீங்கதான் குனிஞ்சுக்கிட்டு ஓடியிருக்கீங்க."

"மெதுவாப் பேசு."

"யாருக்குக் கேக்கப்போகுது? சொல்லிடுங்க, உங்க அத்தான்கிட்ட."

"என்னன்னு? தராசு பயந்துட்டான்னா? ஊர்ல ஒருத்தன் விடாம அந்த வீடியோவைப் பாத்திருக்கான்."

"பாத்தா என்ன? அவங்க கடை போகப்போகுதுன்னு சொன்னீங்களே."

"அதுவும் போகாம, இதுவும் தெரியாம, ஏதாவது வழி இருக்கும்."

"இருக்கும் இருக்கும். தரையைப் பாத்துக்கிட்டே தேடுங்க."

சனிக்கிழமை வரைக்கும் தராசு இரண்டு பயங்களோடு குடித்தனம் நடத்தினார். ஒன்று வெள்ளையாக, தாழ்வாரத்தின் கடைசியில் நின்றது. இன்னொன்று அத்தானின் முகத்தோடு, கடையின் வாசலில் நின்றது. குளித்துவிட்டு முகம் துடைக்கும்போது முதலாவது பயம் துண்டுக்குப் பின்னால் நின்றது. துண்டை எடுத்தால் இரண்டாவது நின்றது. அத்தான் கடைத் திரையில் எண்பது நிற்பதை யாரோ படமெடுத்துக் காணொளிக்குக் கீழே போட்டு, "தராசு சொன்னது இங்கே வரவில்லையே, என்ன கதை?" என்று கேட்டிருந்தார்கள். அதற்குக் கீழே நீண்டுகொண்டே போன பதில்களைப் படிக்கப் படிக்க அவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு கட்டத்தில் கண்டுபிடித்தார், வழி இருக்கத்தான் செய்தது. வெகு சுலபம். லினக்ஸில் குனிந்து நடந்து நூற்றுப்பத்தைக் காட்டுவது. விண்டோஸில் ஓட்டச் சொன்னால் நிமிர்ந்து நடந்து எண்பதைக் காட்டுவது. அதோடு தப்பித்துவிடலாம். அக்கா கடையைப் பற்றி அதற்கப்புறம் யோசிக்கலாம். கடையின் நினைப்பு வரும்போதெல்லாம் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கடை ஒரு டயர்க் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது. ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் திரை. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்குக் கீழே ஒரு வாளி. பஞ்சு உரிந்த ஹெட்ஃபோன்கள். வாசலில் ஆளுயரப் பலகை. அதில் தராசு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தலைக்கு மேலே 'அஞ்சாத அளவு' என்று எழுதியிருந்தது. தன் படத்தைக் கண்டே அவர் ஒரு கணம் திடுக்கிட்டார்.

"வாடா," என்றாள் அக்கா கல்லாவிலிருந்து. "என்ன இப்படி வெளுத்துப்போய் இருக்க? சாப்பிட்டியா?"

"ஆச்சுக்கா."

"பொய். வா, முடிச்சிட்டுச் சாப்பிடலாம். இவர் நேத்துலருந்து தரையில நிக்கலை, என் மச்சினன் வரான் என் மச்சினன் வரான்னு."

உள்ளே நல்ல கூட்டம். எதிர்க்கடைக்குப் போனவர்களும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்து டை கட்டிய கழுத்தோடு, ஆட்டத்தில் எழுந்து வரும் பிணங்களைச் சுட்டுத் தள்ளும் பேங்க் சார் முன்வரிசையில் இருந்தார். கீபோர்டு மேலேயே பொட்டலத்தைப் பிரித்துத் தின்பதால் சிப்ஸ் என்று பெயர் வாங்கிய கல்லூரிப் பையன் அவருக்குப் பக்கத்தில். அத்தான் சுவரிலிருந்த பெரிய திரையைப் போட்டார். விளக்கை அணைத்தார்.

"விளக்கு இருக்கட்டுமே அத்தான்," என்றார் தராசு.

"பேய் ஆட்டத்துக்கு எதுக்கு மாப்ள விளக்கு?"

தராசு உட்கார்ந்தார். இத்தனை பேர் முன்னால் காலைத் தூக்கி மேலே வைக்க முடியாது. பாதங்களைத் தரையில் ஊன்றினார். தரை சில்லென்றிருந்தது. மேஜைக்கு அடியில் எதுவோ உரசியது, ஒயர்தான். ஒயராகத்தான் இருக்க வேண்டும்.

லினக்ஸில் ஆட்டம் தொடங்கியது. சக்கர நாற்காலி. கிறீச். தாழ்வாரத்தின் வாசலுக்கு வந்ததும் கை தன் வேலையைச் செய்தது. பெரிய திரை முழுக்கச் சாம்பல் நிற டைல்ஸ். மூலையில் எண் ஏறியது. நூற்றுப்பத்து.

கடை அதிர்ந்தது. அத்தான் அவர் முதுகில் ஓங்கித் தட்டியதில் தராசுக்கு உயிர் ஒருமுறை போய் வந்தது. "பாத்தீங்களாடா! என் மச்சினன்டா!"

"அண்ணே," என்றான் சிப்ஸ், வாயில் இருந்ததை மென்றுகொண்டே. "ஏன் கீழயே பாக்குறீங்க? சில்லறை விழுந்துருச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். தராசின் காது சூடேறியது. பயத்தில் மனிதனுக்கு எங்கிருந்தோ வார்த்தைகள் கிடைத்துவிடுகின்றன. கனத்த குரல் தானாக வந்தது.

"இதுக்குப் பேரு தாழ்கோண முறை. பார்வையாளரோட கண் கோணம் காட்சியில குறுக்கிடாம, எஞ்சினோட அடிப்படைத் திறனை மட்டும் பிரிச்சு எடுக்கிற முறை. வெளிநாட்டுல எல்லாம் இப்ப இதுதான்."

சிரிப்பு அடங்கியது. பேங்க் சார் தலையை ஆட்டினார். "ரொம்ப சயின்டிஃபிக். நிமிர்ந்து பாத்தா மனசு கலங்கும், அளவும் கலங்கும். கரெக்ட்தானே சார்?"

"ரொம்பக் கரெக்ட்," என்றார் தராசு. அவர் சொன்னதிலேயே உண்மைக்கு அருகில் வந்தது அதுதான்.

"ஆனா கீழயே பாத்துக்கிட்டுப் போனா பேய் வர்றது எப்படிண்ணே தெரியும்?" என்றான் சிப்ஸ்.

"தெரியாது. அதான் அந்த முறையோட சிறப்பு."

அத்தானுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "இனிமே என் கடையில எல்லாரும் தாழ்கோணத்துலதான் ஆடணும்! மாப்ள, இதே முறையில மூலையில இருக்கிற விண்டோஸ் மெஷின்லயும் ஒரு தடவை ஓட்டிக் காட்டிடு. அங்க எம்பது வரட்டும். எதிர்க்கடைக்காரன் வாயை அடைச்சிடலாம்."

அவர் வழி கண்டுபிடித்து வைத்திருந்த இடம் இதுதான். தராசு எழுந்து மூலைக்குப் போனார். பெரிய திரையின் ஒயரை அத்தான் அந்த மெஷினில் சொருகினார். எல்லா மெஷின்களும் ஒரே நாளில் வாங்கிய ஒரே வகை. குனிந்து நடந்தால் இங்கேயும் நூற்றுப்பத்து வரும் என்று தராசுக்குத் தெரியும். நிமிர வேண்டும். தாழ்வாரம் முழுவதும் நிமிர்ந்தே நடக்க வேண்டும். யாராவது கேட்டால் அதற்கும் ஒரு பெயர் வைத்துக்கொள்ளலாம்.

தாழ்வாரத்தின் வாசலில் பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தார். எண்பது. கூட்டம் "ஓ" என்றது. பெரிய திரையில் எல்லாமே வீட்டில் பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தன. கட்டில்கள் இரண்டு பக்கமும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. விளக்கொன்று படபடத்து அணைந்தது. எங்கோ தண்ணீர் சொட்டியது. ஏசி வாளியா, ஆட்டத்துக்குள்ளா என்று புரியவில்லை. கடைசியில், வெள்ளையாக, அது. அவர் நடக்க நடக்க அது பெரிதானது. இன்னும் கொஞ்சம்தான், மாடிப்படி வந்துவிடும், கண்ணை மட்டும் எடுக்கக்கூடாது, எடுக்கக்கூடாது. அது லேசாக அசைந்தது.

பொய்யைக் காப்பாற்றவும் கொஞ்சம் தைரியம் வேண்டியிருக்கிறது. அது அவர் கையிருப்பில் இல்லை. மவுஸ் கீழே போனது. சாம்பல் நிற டைல்ஸ். நூற்றுப்பத்து.

வாளியில் ஒரு சொட்டு விழுந்தது.

"மாப்ள," என்றார் அத்தான் நிதானமாக. "இது விண்டோஸ்தானே?"

"ஆமா."

"இதுலயும் நூத்திப்பத்து."

"ஆமா அத்தான்."

"நிமிர்ந்தா ரெண்டுலயும் எம்பது. குனிஞ்சா ரெண்டுலயும் நூத்திப்பத்து." அத்தான் மிக மெதுவாகப் பேசினார். "அப்ப நான் எதுக்குடா மாத்துனேன்?"

அத்தான் அவரை இதுவரை டா போட்டுப் பேசியதில்லை. தராசு அக்காவைப் பார்த்தார். அக்கா கல்லாவை விட்டு எழுந்து வந்து நின்றுகொண்டிருந்தாள். கேலி இல்லாமல் அவள் முகத்தை அவர் பார்த்து வெகு நாளாயிற்று. டிரைவர் மென்பொருள், அப்டேட், ஏசியின் குளிர் என்று தயாரித்து வந்த சப்பைக்கட்டுகள் எல்லாம் தொண்டை வரை வந்து நின்றன. அந்த முகத்துக்கு முன்னால் அவற்றைச் சொல்வதற்கும் பயமாகத்தான் இருந்தது.

"முதல் நாள் விண்டோஸ்ல நிமிர்ந்து நடந்தேன்," என்றார். குரலில் கனம் போயிருந்தது. "மறுநாள் லினக்ஸ்ல… குனிஞ்சுட்டேன். எனக்கே தெரியாது. இந்த வாரம்தான் தெரிஞ்சுது."

"ஏன் குனிஞ்ச?"

"பயமா இருந்துச்சு அத்தான்."

முதலில் சிரித்தது பேங்க் சார். தாழ்கோண முறையை ஃபோனில் குறித்து வைத்திருந்ததை அவசரமாக அழித்துக்கொண்டே சிரித்தார். பிறகு கடையே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. "இதை அன்னிக்கே ஒரு ஃபோன் போட்டுச் சொல்லியிருந்தா என்னடா? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?" என்றாள்.

அத்தானும் சிரிக்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துத் தராசுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "இப்ப நிமிர்ந்து நட. கடைசி வரைக்கும். ரெண்டுலயும். நீதான் சொன்ன, நீயே எல்லார் முன்னாடியும் திருத்திட்டுப் போ. டேய், யாராவது ஃபோன்ல படம் எடுங்கடா."

"முடியாது அத்தான்."

"நான் பக்கத்துல இருக்கேன்."

"நீங்க இருக்கீங்க. அதுவும் இருக்குதே."

"நடடா!"

தராசு நடந்தார். கட்டில்கள். விளக்கு. தூசி. வெள்ளை உருவம் நெருங்கியது. விரலில்லாத கைகள். தலையில்லாத கழுத்து. கூட்டமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அது அசைந்தது. தராசு போட்ட கூச்சலில் கீழே டயர்க் கடைக்காரர் மாடிப்படி வரை வந்து, "என்னங்க, என்னாச்சு?" என்று கேட்டார். தராசு அத்தானின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அதில் இருந்த கடிகாரம் அவர் உள்ளங்கையில் பதிந்திருந்தது.

"அண்ணே," என்றான் சிப்ஸ் பரிதாபமாக. "அது டாக்டர் கோட்டு. ஆணியில மாட்டியிருக்கு. காத்துக்கு ஆடுது. பேய் ரெண்டாவது மாடியிலதான் வரும்."

எண் எண்பதில் நின்றது. லினக்ஸிலும் அதே தாழ்வாரத்தை, அதே அத்தான் கையைப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்தே நடந்தார். கோட்டு என்று தெரிந்த பிறகும் கூச்சல் வந்தது. சத்தம் மட்டும் சற்றுக் குறைவு. எண்பது.

சிப்ஸ் ஃபோனில் எடுத்த வீடியோ அந்த இடத்திலேயே நாலு பேருக்குப் போய், அவர்களிடமிருந்து நாற்பது பேருக்குப் போனது. சாயங்காலத்துக்குள் கடையில் நிற்க இடமில்லை. எதிர்க்கடையிலிருந்து பையன்கள் ஹெட்ஃபோனைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி: தராசு மறுபடியும் எப்போது ஓட்டுவார்? எதிர்க்கடைக்காரரே வந்து பின்வரிசையில் நின்றார். அத்தான் ஒரு பக்கம் மெஷின்களைத் திரும்ப விண்டோஸுக்கு மாற்றிக்கொண்டு, ஒரு பக்கம் வருகிறவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டு, "இருங்கப்பா, வந்துருவாரு, சனிக்கிழமை சனிக்கிழமை இங்கதான்" என்று முகமெல்லாம் பல்லாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கடை தப்பித்துவிட்டது என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

"மாப்ள எங்க?" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "கூட்டம் காத்துக்கிட்டிருக்கு!"

கடைக்குப் பின்னால் ஒரு நடை உண்டு. அதன் கோடியில் கழிவறை. அக்கா அதன் வாசலில் நின்று, பக்கத்து வீட்டுக்காரி புதிதாக வாங்கிய குளிர்சாதனப் பெட்டியைப் பற்றி நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க நிறுத்தினால் உள்ளேயிருந்து, "அக்கா, இருக்கியா?" என்று குரல் வந்தது.

"இருக்கேன்டா. இங்கதான் நிக்கிறேன்."

தராசுக்கு வயது நாற்பத்து மூன்று. கதவை அவர் தாழ் போடவில்லை.